வேலிக்குள் வாக்கு: மட்டக்களப்பு வட்டைக் கூட்டமும் உரிமையாளர் சங்கம் என்னும் ஆட்சிமுறையும்

கேள்வி

நிலம் தனித்தனியாகவும் அதன் பயன் கூட்டாகவும் இருக்கும் இடங்களிலெல்லாம் ஏதாவதொரு சங்கம் உருவாகிவிடுகிறது. கோல்ஃப் திடலைச் சுற்றி மதில் எழுப்பி விற்கப்படும் அமெரிக்க வீட்டுத் தொகுதியிலும் அது உண்டு; உன்னிச்சைக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் வட்டையிலும் அது உண்டு. பாதையையும் நீரையும் வேலியையும் காவலையும் தனியாளாக எவரும் பேண முடியாது. ஆகவே உடைமையாளர்கள் கூடுகிறார்கள், செலவைப் பிரிக்கிறார்கள், ஒருவரைப் பொறுப்பாக வைக்கிறார்கள், கட்டுப்படாதவர்களுக்குத் தண்டம் விதிக்கிறார்கள். இவ்வளவும் எளிதில் விளங்கும். அந்தக் கூட்டத்தில் யாருக்கு வாக்கு என்பது மட்டும் அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் கோல்ஃப் குடியிருப்பு எதுவும் இல்லை. இலங்கையில் கோல்ஃப் பழைய விளையாட்டு. கொழும்பின் றோயல் கோல்ஃப் கழகம் 1879 இல் தொடங்கியது. ஆனால் திடலும் வீட்டுக் காணியும் ஒன்றாக விற்கப்படும் ஏற்பாடு அண்மைக்காலத்தது. கண்டிக்கு அப்பால் திகனப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இருப்பது அதற்கு அறியப்பட்ட உதாரணம். வாவிப் பிரதேசத்தில் அதற்கு மிக நெருங்கிய அமைப்பு வயலில் இருக்கிறது: குளத்து நீரையும் சுற்றுவேலியையும் பொதுவாகக் கொண்ட நெற்காணி உரிமையாளர்களின் வட்டைக் கூட்டம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டத்தின் ஆதரவோடு நடந்துவரும் உரிமையாளர் ஆட்சி அது. மதில்சூழ் குடியிருப்புகளைப் பற்றி மேலைநாட்டு ஆய்வாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளாக எழுப்பிவரும் கேள்விகள் பலவற்றை இந்தக் கூட்டம் முன்பே சந்தித்துவிட்டது. சிலவற்றுக்கு விடை கண்டது. முக்கியமான ஒன்றில் தவறியது. உரிமையாளர் மட்டும் வாக்களிக்கும் சங்கம் வேலிக்கு உள்ளே இருப்பதைப் பேணுவதில் திறமையானது. தன் முடிவின் சுமை வேலிக்கு வெளியே விழும்போது அதை அறிவதற்கான வழி அதனிடம் இல்லை. நேர்மையான தலைவரும் ஒழுங்கான கணக்கும் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. வாக்காளர் பட்டியலில்தான் அந்தக் குறை இருக்கிறது.

திடலைச் சுற்றிய சிற்றரசு

அமெரிக்க வீட்டுரிமையாளர் சங்கம் பற்றிய எழுத்து இரண்டு முகாம்களாகப் பிரிந்து நிற்கிறது. எவன் மெக்கென்சி 1994 இல் வெளியிட்ட ‘பிரைவடோப்பியா’ அதைத் தனியார் அரசாங்கம் என்று வர்ணித்தது. வரி போலக் கட்டணம் வாங்குகிறது, சட்டம் போல விதி போடுகிறது, நீதிமன்றம் போலத் தண்டம் அறவிடுகிறது. ஆனால் ஓர் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புக் கடப்பாடுகள் இதைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது அவர் வாதம். சேத்தா லோ 2003 இல் மதிலுக்குள் வாழ்பவர்களின் அச்சத்தையும் அந்த மதில் வளர்க்கும் பிரிவினையையும் ஆராய்ந்தார். ராபர்ட் நெல்சன் 2005 இல் எதிர்த்திசையில் எழுதினார். அயலவர்கள் தாமே தம் சூழலை ஆள்வது நகரசபையின் மந்தத்தைவிட மேல் என்றும், பழைய நகர்ப்புறங்களும் இத்தகைய சங்கங்களாக மாற வழி விட வேண்டும் என்றும் வாதிட்டார்.

இரு முகாமினரும் ஏற்கும் அடிப்படைத் தகவல்கள் சில உண்டு. சங்கத்தை உருவாக்குபவர் காணியைப் பிரித்து விற்கும் முதலீட்டாளர். முதல் வீடு விற்கப்படுவதற்கு முன்னரே விதிகள் எழுதிப் பதிவாகிவிடுகின்றன. குறிப்பிட்ட பங்கு வீடுகள் விற்றுத் தீரும்வரை பெரும்பான்மை வாக்கு முதலீட்டாளரிடமே இருக்கும். அதன் பின் வீட்டுக்கு ஒரு வாக்கு என்ற கணக்கு வருகிறது. வாடகைக்கு இருப்பவர் அதே பாதையில் நடந்து, அதே விதிக்குக் கட்டுப்பட்டு, வாடகையின் ஊடாக அதே கட்டணத்தையும் சுமக்கிறார், அவருக்கு வாக்கில்லை. கோல்ஃப் தொகுதிகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வீட்டின் விலையை உயர்த்திய பச்சைத் திடல் பெரும்பாலும் சங்கத்தின் உடைமையாக இருப்பதில்லை. தனிக் கழகத்தின் அல்லது முதலீட்டாளரின் சொத்தாகவே இருக்கும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குப் பின் அமெரிக்காவில் திறக்கப்பட்ட திடல்களைவிட மூடப்பட்டவை அதிகம். திடல் மூடி அந்த நிலம் வேறு கட்டடத்துக்குப் போகும்போது சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி தமக்குச் சொந்தமில்லை என்பதை வீட்டுக்காரர்கள் அறிகிறார்கள். அந்த அளவில் அவர்களும் வாக்கற்றவர்கள்தான்.

இலங்கைச் சட்டம் இந்தப் பாதையில் அதிக தூரம் போகவில்லை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் மாடிக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கூட்டாதனத் திட்டம் பதிவாகும்போது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று சட்டப்படி உருவாகிறது. அலகின் உரிமையாளர் அதன் உறுப்பினர். பொதுப் பகுதி அனைவருக்கும் பிரிபடாத பங்கு. 2003 இன் 24 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை மேற்பார்வைக்கு அமைந்தது. மின்தூக்கி பழுதானால், பராமரிப்புக் கட்டணம் நிலுவையானால், கூரை ஒழுகினால் என்ன செய்வது என்பதற்கு இந்தச் சட்டங்களில் வழி தேடலாம். ஏக்கர் கணக்கில் விரிந்த நிலத்தில், நீர்க்கரையை ஒட்டி, ஏற்கெனவே பலர் நடந்தும் மேய்த்தும் மீன்பிடித்தும் வரும் இடத்தில் ஒரு தொகுதி எழுந்தால் என்ன என்பதற்கு விடை வேறிடத்தில்தான் இருக்கிறது.

வட்டையின் ஆட்சி

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நெல்லின் பெரும்பகுதி படுவான்கரையிலும் அதற்கப்பால் உள்ள குளங்களின் கீழும் விளைகிறது: உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி. தொடர்ச்சியான வயல்வெளி வட்டை எனப்படுகிறது. வரம்புகள் பிரிக்கின்றன, வக்கடைகள் இணைக்கின்றன. மேல்வயலுக்காரர் வக்கடையை அடைத்தால் கீழ்வயல் காய்கிறது. அறுவடை முடிந்த வயல் மாட்டுக்கு மேய்ச்சல், விதைத்த வயல் மாட்டுக்கு விலக்கு என்பதால் வேலியும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறது.

இந்த ஏற்பாட்டை ஆளுவதற்குப் பிரித்தானிய ஆட்சி கண்ட வழி 1856 இன் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம். ஆளுநர் ஹென்றி வார்ட் கிழக்கில் இறக்காமம், அம்பாறைக் குளங்களின் திருத்தத்தில் அக்கறை காட்டிய காலம் அது. நெற்காணி உரிமையாளர்களைக் கூட்டி, பெரும்பான்மை வாக்கால் பழைய நீர்ப்பாசன வழமைகளைக் கட்டாயமாக்க அச்சட்டம் இடமளித்தது. வழமையை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு அது உண்மையில் செய்ததென்ன என்பதை மைக்கல் றொபேட்ஸ் 1967 இல் எழுதிய ஆய்வில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எட்மண்ட் லீச் 1961 இல் வெளியிட்ட ‘பூல் எலிய’ அநுராதபுர மாவட்டக் கிராமம் ஒன்றின் காணிப் பங்கையும் நீர்ப் பங்கையும் அளந்து காட்டியது. இரண்டும் அடிப்படை நூல்கள். ஆயினும் லீச்சின் கண் சிங்களக் கிராமத்தின் குளத்தின் மேல் பதிந்தது. பெருங்காணிக்காரரான போடியார், அவர் வயலில் பங்குக்கு உழைத்த முல்லைக்காரர் என்ற உறவின் மேல் நின்ற மட்டக்களப்பு வட்டையை அவர் நூல் தொடவில்லை. மட்டக்களப்பின் நிலமும் குடியும் பற்றி வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964), டெனிஸ் மக்கில்வ்ரேயின் அக்கரைப்பற்று ஆய்வு (2008) ஆகியவை சொல்வதை இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்று நடைமுறையில் இருப்பது 1946 இன் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் 2000 இன் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் சேர்ந்து தாங்கும் ஏற்பாடு. பெரும்போகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் வட்டைக் கூட்டம் கூடுகிறது; அதற்கு ஆரம்பக் கூட்டம் என்று பெயர். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், வட்டவிதானைமார், காணிக்காரர்கள் அமர்கிறார்கள். முடிவுகள் திகதிகளாக வெளிவருகின்றன. வாய்க்கால் துப்புரவு முடிய வேண்டிய நாள், வேலி அடைக்க வேண்டிய நாள், மாடுகளை வயற்பிரதேசத்திலிருந்து அகற்ற வேண்டிய நாள், துருசு திறக்கும் நாள், விதைப்பு முடிய வேண்டிய கடைசி நாள், நீர் நிறுத்தும் நாள். எந்த வயது நெல்லை விதைக்கலாம் என்பதும் அங்கே தீர்மானமாகும். மூன்றரை மாத நெல்லும் மூன்று மாத நெல்லும் ஒரே வட்டையில் கலந்தால் நீரை எப்போது நிறுத்துவது என்ற சண்டை அறுவடைவரை ஓயாது. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் நீருக்கேற்ப எத்தனை ஏக்கர், எந்தக் கண்டம் என்பதும் முடிவாகும். அப்போது சிலருடைய வயல் தரிசாகக் கிடக்க அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வட்டவிதானை இந்த முடிவுகளின் கையாள். நீரைத் திருப்புவது, வேலி பார்ப்பது, கட்டாக்காலி மாட்டைப் பிடிப்பது, மீறியவரை அறிவிப்பது எல்லாம் அவர் வேலை. அவருக்குரிய ஊதியம் வழமையாகக் காணியின் அளவுப்படி நெல்லாகவே கிடைத்தது. விளைச்சல் கெட்டால் அவருக்கும் நட்டம். வேலியும் அதே கணக்கில் பங்கானது: இத்தனை ஏக்கருக்கு இவ்வளவு நீளம். எந்தப் பங்கில் மாடு புகுந்ததென்று பார்த்தால் யார் அடைக்காமல் விட்டார் என்பது தானே தெரிந்துவிடும். கோல்ஃப் குடியிருப்பின் சங்கம் இதே வேலையை ஊதியம் பெறும் முகாமைத்துவக் கம்பனியிடம் ஒப்படைக்கிறது. கட்டணம் வங்கிக்குப் போகிறது. மதிலின் எந்தப் பகுதி யாருடைய பொறுப்பு என்று எவரும் சொல்ல முடியாது. செலவைச் சம்பந்தப்பட்டவரின் கண்முன் வைப்பதில் வட்டையின் முறை மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் வட்டையின் உண்மையான பலம் வேறொன்று என்று தோன்றுகிறது. அதன் விதிகள் ஒரு போகத்துக்கு மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் எல்லாத் திகதியும் மறுபடி பேசப்பட வேண்டும். மழை பிந்தினால், குளம் நிறையாவிட்டால், சென்ற போகத்தில் யானை எந்தப் பக்கம் வந்தது என்று தெரிந்தால் முடிவு மாறும். வீட்டுரிமையாளர் சங்கத்தின் விதிகளோ காணியோடு ஒட்டிக்கொண்டு வாங்குபவர் விற்பவர் எல்லோரையும் தொடர்கின்றன. திருத்துவதற்கு மிகை பெரும்பான்மை வேண்டும். முதல் குடியிருப்பாளர் வருவதற்கு முன் எழுதப்பட்ட விதிக்கு அவருடைய பேரப்பிள்ளை கட்டுப்படுகிறார். இரண்டையும் சுயாட்சி என்று அழைக்கலாமென்றாலும் வட்டைக் கூட்டத்தின் மறு ஆய்வு குடியிருப்புக்குக் கிடைப்பதில்லை.

வாக்காளர் மாறிய வரலாறு

1856 இன் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர் உரிமையாளர். மட்டக்களப்பில் அதன் பொருள் போடியார். நூற்றுக்கணக்கான ஏக்கரை வைத்திருந்தவர் கூட்டத்தில் இருந்தார். அதை உழுது, காவல் காத்து, சூடடித்து, பங்கு வாங்கிப் பிழைத்த முல்லைக்காரர் வெளியே இருந்தார். வட்டவிதானை போடியாரின் ஆளாகவே பல இடங்களில் நடந்தார் என்ற விமர்சனம் புதியதல்ல, நியாயமற்றதும் அல்ல. நீர்முறையில் யாருக்கு முதலில் என்பதும், யாருடைய மாடு பிடிபடும் யாருடையது பிடிபடாது என்பதும் அதில் அடங்கும்.

இந்த வாக்காளர் பட்டியலை அரசியல் வழியில் மாற்றிய சட்டம் 1958 இன் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்து கொண்டுவந்த அச்சட்டம் குத்தகையாளருக்கு நிலைப்பாதுகாப்பும் குத்தகைக்கு உச்சவரம்பும் கொடுத்தது என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. அதே சட்டம் விதானையின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்து, பயிரிடுபவரை வாக்காளராக்கியது. ஆட்சிமுறை என்ற கோணத்தில் பார்த்தால் இதுவே அதன் துணிச்சலான பகுதி. வீட்டுரிமையாளர் சங்கத்தில் வாடகைக்காரருக்கு வாக்குக் கொடுப்பதற்கு நிகரான காரியம் அது. அதை அமெரிக்க முதலீட்டாளர் எவரும் விதியில் எழுதியிருக்க மாட்டார். விளைவு கலவையானது. உரிமையாளர்கள் குழுக்களோடு ஒத்துழைக்கவில்லை. குழுக்களிடம் அதிகாரம் குறைவு, பணமும் குறைவு. கிழக்கில் இன்னொரு தடை: பங்குக்கோ கூலிக்கோ உழைக்கும் முல்லைக்காரர் குத்தகையாளர் என்று தம்மை நிறுவுவது எளிதல்ல. 1970களின் முற்பகுதியில் வந்த சட்டங்கள் அமைச்சர் நியமிக்கும் குழுக்களைக் கொண்டுவந்தன. 1977 இன் ஆட்சி மாற்றத்தோடு அவை போயின. 1979 இன் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம் வேறு ஏற்பாடு செய்தது. 1991 இன் திருத்தத்துக்குப் பின் கமக்காரர் அமைப்பு சட்ட அங்கீகாரம் பெற்றது. அரசாங்கம் மாறும்போதெல்லாம் வட்டையின் வாக்காளரும் மாறினார்.

வாக்குரிமையை ஏட்டில் எழுதுவதும் அது கூட்டத்தில் குரலாவதும் வேறு வேறு. இதற்கு மட்டக்களப்பிலேயே கூர்மையான சான்று இருக்கிறது. தாய்வழிக் குடி மரபுள்ள இப்பிரதேசத்தில் வீடும் வயலும் சீதனமாகப் பெண்ணுக்குப் போவது வழக்கம்; பழைய வாரிசுரிமையை 1876 இல் பிரிட்டோ ‘முக்குவர் சட்டம்’ என்ற நூலில் தொகுத்தார். மக்கில்வ்ரேயின் ஆய்வு சீதனத்தின் வலிமையை இக்காலத்துக்கும் காட்டுகிறது. உரிமையாளருக்கே வாக்கு என்ற கொள்கை நேர்மையாகப் பின்பற்றப்பட்டிருந்தால் வட்டைக் கூட்டத்தில் பாதிக்குப் பாதி பெண்கள் இருந்திருக்க வேண்டும். இருப்பவர்கள் பெரும்பாலும் கணவன்மார். உறுதியில் பெயர் மனைவியுடையது. வாய்க்கால் பற்றிப் பேசுவது கணவன். உரிமையே வாக்குக்கு அடிப்படை என்று வாதிடுவோர் தம் கொள்கையைத் தாமே எவ்வளவு பின்பற்றுகிறார்கள் என்பதற்கு இது போதும்.

வேலிக்கு வெளியே: மாடும் மீனும்

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் வேலிக்கு உள்ளே இருப்பவர்கள். வெளியே இருப்பவர்களில் முதலில் வருபவர் பட்டிக்காரர். மாடுகளை அகற்றும் திகதியை ஆரம்பக் கூட்டம் தீர்மானிக்கிறது. மாடுகள் எங்கே போகும் என்பது அக்கூட்டத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. பெரும்போக காலத்தில் வாவிப் பிரதேசத்துப் பண்ணையாளர்கள் பட்டிகளை மேற்கே, மயிலத்தமடு மாதவனை மேய்ச்சற்றரைக்குக் கொண்டுசெல்வது நெடுங்கால வழக்கம். அந்தத் தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர்செய்யத் தொடங்கியதால் மாடுகளுக்கு இடமில்லை என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தகராறில் இனமும் அரசியலும் உண்டு. அதை இங்கே தீர்க்க முடியாது. வட்டையின் பார்வையில் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். மாடு போக இடமிருக்கிறது என்ற மௌனமான நம்பிக்கையின் மேல்தான் ஒவ்வொரு ஆரம்பக் கூட்டமும் திகதி குறித்தது. இடம் மறைந்தபோது திகதி மட்டும் மிஞ்சியது. மீறினால் தண்டம் கட்டுபவர் பண்ணையாளர். வேலியின் நன்மையை வட்டை அனுபவித்தது, அதன் விலையை வேறொருவர் செலுத்தினார்.

இரண்டாவது உதாரணம் வாவியின் வாய். பாலமீன்மடுவுக்கு அருகே முகத்துவாரத்தில் வாவி கடலோடு சேர்கிறது. தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொரு வழி. வறட்சிக் காலத்தில் மணல் திரண்டு வாய் அடைபடும். வடகீழ்ப் பருவமழையில் குளங்கள் நிறைந்து வான்கதவுகள் திறக்க, ஆறுகள் வாவிக்குள் இறங்க, நீர்மட்டம் ஏறிப் படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். இளநெல் சில நாளுக்கு மேல் நீருக்கடியில் தாங்காது. ஆகவே ஆற்றுவாயை வெட்டும்படி கமக்காரர்கள் கேட்கிறார்கள். வாவி மீனவர் வேறு கணக்கு வைத்திருக்கிறார். இறாலின் குஞ்சு கடலிலிருந்து வாவிக்குள் வந்து வளர்ந்து, முதிர்ந்தபின் கடலுக்குத் திரும்பும் உயிர். வாய் எப்போது திறக்கிறது, எவ்வளவு வேகமாக நீர் வடிகிறது, உவர் எப்போது ஏறுகிறது என்பவை அவருடைய வலையில் விழுவதைத் தீர்மானிக்கின்றன. அவசரமாக வெட்டினால் வளர்ந்தது வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்பது அவர் கவலை. மூழ்கிய வயலைப் பார்த்து நிற்பவருக்கு அந்தக் கவலை ஆடம்பரமாகத் தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை.

இந்த முடிவு ஆரம்பக் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. மாவட்ட நிருவாகம் நீர்ப்பாசன, மீன்பிடித் திணைக்களங்களோடு கலந்து எடுக்கிறது. ஆனால் வெட்டும் தேவையை உருவாக்குவது ஆரம்பக் கூட்டம். எந்தத் திகதியில் விதைப்பது, எந்தத் தாழ்நிலம்வரை விதைப்பது, எத்தனை மாத நெல் என்பவற்றை உரிமையாளர் தீர்மானித்துவிட்டால், மார்கழி வெள்ளத்தில் எந்தப் பயிர் எந்த வளர்ச்சியில் இருக்கும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அதன் பின் ஆற்றுவாயருகில் நின்று மீனவரிடம் கருத்துக் கேட்பது சடங்கு. அவருக்குரிய முடிவு ஐப்பசிக்கு முன்னரே, அவர் இல்லாத கூட்டத்தில் எடுக்கப்பட்டுவிட்டது.

நீர்க்கரைக் கோல்ஃப் குடியிருப்புக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது கடினமல்ல. புல்லுக்கு ஆண்டு முழுவதும் நீர் வேண்டும். உரமும் களைநாசினியும் மழையோடு நீர்நிலைக்கு இறங்கும். கரையோரப் பாதை மதிலுக்குள் போகும். ஒவ்வொன்றும் சங்கத்தின் பொதுச்சபையில் முறையாக, பெரும்பான்மையோடு, கணக்காய்வு செய்த பாதீட்டோடு நிறைவேறும். தோணி கட்டும் துறையை இழந்தவர் அந்தச் சபையின் கதவைத் தட்ட முடியாது, ஏனென்றால் அவருக்கு அங்கே அலகு இல்லை.

மறுப்புகள்

முதல் மறுப்பு ஒப்பீட்டையே கேள்வி கேட்கும். நெல் சோறு, கோல்ஃப் பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? தேவையின் கனம் வேறு என்பது உண்மை. அதனால்தான் இந்த ஒப்பீடு உரிமையாளர் சங்கத்துக்குச் சாதகமாக இல்லை. சோற்றுக்காகக் கூடிய வட்டையே வெளியாரின் நட்டத்தைக் கணக்கில் எடுக்கத் தவறியதென்றால், புல்வெளிக்காகக் கூடும் சங்கம் அதைவிட நன்றாகச் செய்யும் என்று எதிர்பார்க்க என்ன காரணம்?

வட்டைக் கூட்டம் உண்மையில் சங்கமே அல்ல, அரசாங்க அதிபர் தலைமை தாங்கும் நிருவாகக் கூட்டம். அதைச் சுயாட்சி என்று அழைப்பது தவறு என்பது கனமான மறுப்பு. அதிபரின் முத்திரை இல்லாமல் முடிவு கட்டுப்படுத்தாது. மீறியவரை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அரசுதான். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தனியார் சங்கமும் தனியாக நிற்பதில்லை. கட்டணம் கட்டாதவர் மேல் அதற்குள்ள பிடி நீதிமன்றம் கொடுத்த பிடி. அரசின் கை இரண்டிலும் இருக்கிறது. வட்டையில் அது மேசையின் தலைமாட்டில் தெரிகிறது, குடியிருப்பில் உறுதிப்பத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தெரியும் கையிடம் முறையிடலாம். எலினோர் ஒஸ்ட்றம் 1990 இல் நீண்டகாலம் நிலைத்த பொதுவள அமைப்புகளின் பொதுக் கூறுகளைத் தொகுத்தபோது, உறுப்பினர் எல்லை தெளிவாக இருத்தல், விதியால் பாதிக்கப்படுவோர் விதியை மாற்றப் பங்கேற்றல் ஆகிய இரண்டையும் சேர்த்தே வைத்தார். உரிமையாளர் சங்கத்தின் ஆதரவாளர்கள் முதலாவதை ஆவலோடு எடுத்துக்கொள்வதும் இரண்டாவதைக் கடந்துபோவதும் தற்செயலாகத் தெரியவில்லை.

வெளியாரையும் சேர்த்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது என்பது நடைமுறை மறுப்பு. எல்லாவற்றிலும் எல்லோருக்கும் வாக்கு என்று கேட்டால் அது சரியான மறுப்புத்தான். வக்கடை எந்த உயரத்தில் என்பதில் மீனவருக்கு வேலையில்லை. வீட்டுக் கூரையின் நிறத்தில் கரையோரக் கிராமத்துக்கு வேலையில்லை. ஆனால் விதைப்பின் கடைசி நாளிலும், மாடு அகற்றும் நாளிலும், வாவிக்குள் வடியும் நீரிலும் வேலை உண்டு. பங்கேற்பு முடிவைத் தடுக்கும் என்ற அச்சத்துக்குக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை அனுபவம் எதிர்ச்சான்று. 1980களின் தொடக்கத்தில் அங்கே கமக்காரர் குழுக்கள் வாய்க்கால் மட்டத்திலிருந்து கட்டி எழுப்பப்பட்டன. நோமன் அப்ஹோஃப் 1992 இல் எழுதிய நூல் அதன் விவரமான பதிவு. தலைவாய்க்கால் சிங்களக் கமக்காரரும் கடைவாய்க்கால் தமிழ்க் கமக்காரரும் நீர் பகிர்ந்த நிகழ்ச்சிகள் அதில் உண்டு. அந்தப் பதிவு திட்டத்தில் பங்கெடுத்தவரின் பதிவு என்ற எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. அப்படிப் படித்தாலும், நீரின் மறுமுனையில் இருப்பவரைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்ததால் முடிவெடுப்பது நின்றுபோனது என்று சொல்ல அதில் இடமில்லை.

செய்யக்கூடியவை

படுவான்கரையை எழுவான்கரையோடு இணைத்த மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபின் மேற்குக்கரை நகரத்துக்கு அண்மையாகிவிட்டது. நீர்க்கரைக் காணி வயலாகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மதில்சூழ் தொகுதி ஒன்றுக்கான வரைபடம் பிரதேச சபைக்கு வரும் நாளில், கட்டடத்தின் உயரத்தையும் பாதையின் அகலத்தையும் பார்ப்பதோடு சங்கத்தின் விதிகளையும் சபை கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். விதிகள் குறிப்பிட்ட ஆண்டுகளின் பின் தாமாகக் காலாவதியாகி மறு வாக்கெடுப்புக்கு வர வேண்டும்; அங்கே குடியிருப்பவருக்கு, உரிமையாளரோ வாடகைக்காரரோ, வாக்கு வேண்டும்; நீரெடுப்பு, கழிவுநீர், கரைவழி ஆகிய மூன்று விடயங்களிலும் கரையோர மீனவர் சங்கத்தின் சம்மதம் முன்நிபந்தனையாக வேண்டும். இவற்றை அனுமதியின் நிபந்தனையாக்காமல் கையொப்பமிட்டால், பிறகு திருத்துவதற்கு மதிலுக்கு உள்ளே இருப்பவர்களின் பெரும்பான்மை தேவைப்படும்.

வட்டைக்கு அதைவிட எளிய திருத்தம் போதும்: திகதி குறிக்கும் மேசையில் பண்ணையாளர் ஒருவருக்கும் வாவி மீனவர் ஒருவருக்கும் வாக்கோடு கூடிய ஆசனம். இன்றுள்ள ஆரம்பக் கூட்டத்தில் அவர்களுக்கு அது இல்லை.